முளைக்காத நாட்டு விதையும் முளைக்க வைக்கும் மருந்தும்

கேள்வி: முதன்முறையாகக் காய்கறித் தோட்டம் போடுகிறேன். இருபது வகை நாட்டு விதைகள் கொண்ட தொகுப்பு ஒன்றை இணையத்தில் வாங்கி விதைத்தேன். இரண்டு வாரத்தில் பீன்ஸும் வெண்டையும் மட்டும் முளைத்தன. தக்காளி, மிளகாய், வெங்காயம் வரவில்லை. நாட்டு விதை என்றாலே முளைப்பு குறைவா? விற்றவர் வளர்ச்சி ஊக்கி வாங்கச் சொல்கிறார். அடுத்த போகத்துக்கு விதை எடுக்கவும் ஆசை.

பதில்: முதலில் அந்த ஊக்கியை வாங்காதீர்கள். செத்த விதையை எந்த மருந்தும் எழுப்பாது.

நாட்டு விதை என்பதாலேயே முளைப்பு குறையாது. பழசாகி, ஈரமும் வெயிலும் பட்டால் எந்த விதையும் போய்விடும். வெங்காய விதை ஓரிரு ஆண்டுகளிலேயே உயிரை விடும். தக்காளி விதை குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் நாலு வருடம்கூடத் தாங்கும். மிளகாய் மூன்று வாரம் வரை எடுக்கும், அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள். தக்காளியை ஆழமாகப் புதைத்தீர்களா என்பதையும் யோசியுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும்.

சரி, பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். பொதி செய்த தேதி, முளைப்புச் சதவீதம், ரகத்தின் பெயர் இருக்கிறதா? "100% இயற்கை" என்று மட்டும் போட்டிருந்தால், மூட்டையில் மிஞ்சியதைப் பத்துப் பத்தாக எண்ணிப் போட்டு விற்கும் இடைத்தரகரிடம் மாட்டியிருக்கிறீர்கள். நாட்டு விதை என்று அச்சடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. விதைச் சட்டங்கள் புத்தகத்தில் தடிமனாகவே இருக்கின்றன. இந்தச் சின்னப் பொட்டலங்களைத் திறந்து பார்க்கத்தான் ஆள் கிடையாது. புகார் கொடுத்தால் ரசீது கேட்பார்கள், ரசீது இருந்தால் மாதிரி கேட்பார்கள், அதற்குள் பருவம் முடிந்துவிடும். நீலத் தக்காளி, வானவில் மிளகாய் என்று படம் போட்டவற்றின் பக்கமே போகாதீர்கள். இளஞ்சிவப்புச் சாயம் பூசிய விதை வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைமருந்து ஏற்றியது. கையைக் கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

இனிமேல் எது வாங்கினாலும் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து, மூடிய டப்பாவில் கதகதப்பான இடத்தில் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் விதைக்கலாம். நாலுதான் என்றால் நெருக்கமாக விதைக்கலாம். ஒன்றிரண்டுதான் என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இருபது வகையும் வேண்டாம். நாலு வகை போதும்.

விதை எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். தக்காளியும் பீன்ஸும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. நல்ல செடியில் நன்கு முற்றவிட்டு எடுத்தால் பெரும்பாலும் தாயைப் போலவே வரும். ஆனால் பூசணிக் குடும்பத்தை மட்டும் அப்படி நம்பாதீர்கள். இரண்டு ரகப் பூசணி அருகருகே இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். இந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது, அதன் விதையில் வரும் அடுத்த தலைமுறையில்தான் குட்டு வெளிப்படும். அழகுக்கு வளர்க்கும் அலங்காரப் பூசணி, சாப்பிடும் பூசணியோடு கலந்தால் அந்த விதையில் வரும் செடியில் கசப்பான காய் வரலாம். அந்தக் கசப்பு நச்சு, சமைத்தாலும் போகாது. ஒரு துளி நாக்கில் வைத்துக் கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியுங்கள், "கொஞ்சம் கசப்பு உடம்புக்கு நல்லது" என்று யாராவது சொன்னாலும்.

விதை வேண்டுமென்றால் ஒரு ரகம் மட்டும் போடுங்கள். பக்கத்துத் தோட்டத்திலும் பூசணி இருந்தால், மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டுங்கள். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, இதழை மறுபடி கட்டி, அந்தக் காம்பில் ஒரு துணி அடையாளம் வையுங்கள். காய் முழுதாக முற்றும்வரை கொடியிலேயே விட்டு, அதிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.