வசூலில் சக்கைப்போடு போட்ட படங்களின் அடுத்தடுத்த பாகங்களுக்குத் தியேட்டரில் கூட்டம் குறைவது ஏன்?

கேள்வியோடு சேர்த்து, "மக்களுக்குப் பொறுமை போய்விட்டதா, இல்லை எல்லாரும் ஓடிடி பக்கம் போய்விட்டார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. பார்வையாளர் தலையில் பழியைப் போடும் இந்தப் பேச்சை வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு நொந்துபோனவள் நான். ஒரு மல்டிபிளெக்ஸில் டிக்கெட் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு டியூட்டி மேனேஜராகவும் இருந்தேன். விமர்சகர் இல்லை, சினிமா வியாபாரம் படித்தவளும் இல்லை. ஆனால் யார் டிக்கெட் வாங்கினார்கள், யார் கவுண்டர் வரை வந்துவிட்டு வாங்காமல் போனார்கள் என்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஏதோ ஒரு தொடரை முதல் பாகத்திலிருந்து விடாமல் பார்த்துவருபவர் என்று நினைக்கிறேன். கடைசியாக வந்த பாகத்துக்கு முதல் வாரமே போய், பாதி இருக்கை காலியாகக் கிடந்ததைப் பார்த்து மனசு சங்கடப்பட்டிருக்கும். தப்பு உங்களைப் போன்ற ரசிகர்களிடம் இல்லை. நீங்கள் எல்லாரும் வந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வராமல் போனவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் ஓடிடி கதையை முடித்துவிடுகிறேன். பிளானட் ஆஃப் த ஏப்ஸ் வரிசையில் 1968 முதல் 1973 வரை ஐந்து படங்கள் வந்தன. வீட்டில் வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கும் வழக்கம்கூட இல்லாத காலம் அது. அப்போதே பாகத்துக்குப் பாகம் வசூல் இறங்கியது, தயாரிப்பாளர்களும் பட்ஜெட்டைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1975 இல் வந்த ஜாஸ் படத்துக்கும் அப்படித்தான்: 1978, 1983, 1987 என்று மூன்று தொடர்ச்சிகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவாகவே ஈட்டியது. ஆக, கூட்டம் குறைவது செல்போன் வந்தபிறகு தொடங்கிய வியாதி இல்லை. படம் வந்த சில வாரங்களிலேயே வீட்டுத் திரைக்கு வந்துவிடுவது இப்போது அந்தச் சரிவை வேகப்படுத்துகிறது, அதை மறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலரும் யோசிப்பதில்லை. தோற்ற படத்துக்குப் பொதுவாக யாரும் இரண்டாம் பாகம் எடுப்பதில்லை. எதிர்பாராத உயரத்துக்குப் போன படத்துக்குத்தான் எடுக்கிறார்கள். அந்த உயரத்தில் படத்தின் தரமும் உண்டு, வெளியான நேரம், எதிரில் போட்டிப் படம் இல்லாதது, ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசியது என்று கூடிவந்த அதிர்ஷ்டமும் உண்டு. அடுத்த முறை கதையையும் நடிகரையும் திரும்பக் கொண்டுவரலாம். அதிர்ஷ்டத்தை ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவர முடியாது. அதனால் இரண்டாம் பாகம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கு மேல் மூன்றும் நான்கும் ஏன் இறங்குகின்றன என்பதுதான் விஷயம்.

ஜுராசிக் வரிசையைப் பாருங்கள். 1993 இல் முதல் படம், முதல் வெளியீட்டிலேயே உலகம் முழுக்கச் சுமார் 91 கோடி டாலர். 1997 இல் இரண்டாவது, சுமார் 62 கோடி. 2001 இல் மூன்றாவது, சுமார் 37 கோடி. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 14 வருடம் கழித்து 2015 இல் ஜுராசிக் வேர்ல்ட் வந்து சுமார் 167 கோடி வசூலித்தது. அப்புறம் மறுபடி அதே படிக்கட்டு: 2018 இல் 131 கோடி, 2022 இல் 100 கோடி, 2025 இல் 87 கோடிக்குக் கிட்ட. இவை டாலர் கணக்கு, தலைக்கணக்கு இல்லை. இடையில் டிக்கெட் விலை ஏறியிருக்கிறது, 3டி என்றும் பெரிய திரை என்றும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறது. 2022 இன் 100 கோடி 1993 இன் 91 கோடியைவிடப் பெரிதாகத் தெரியும், ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் குறைவு. வசூலைவிட ஆட்கள் இன்னும் வேகமாகக் குறைகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2015 இல் என்ன நடந்தது? பழைய நாயகர்கள் ஒருவரும் இல்லை. பூங்கா திறந்திருக்கிறது, விலங்கு தப்பித்துவிட்டது, அவ்வளவுதான் கதை. முன்னே வந்த மூன்றில் ஒன்றைக்கூடப் பார்க்காதவர் நேராக வந்து உட்காரலாம். பார்த்தவருக்கும் அது பழைய பிரியத்தைக் கிளறியது. 1993 இல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு படம் பார்க்க வந்த பிள்ளைகள், 2015 இல் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் 2022 பாகத்துக்கு வரும்போது, 2018 படத்தில் வந்த அந்தச் சிறுமி யார், ஏன் அவளைத் தேடுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். 1993 படத்தின் மூன்று முக்கியப் பாத்திரங்கள் திரும்பி வருவதில் இருக்கும் சந்தோஷமும் அவர்களை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான். கொரோனாவுக்குப் பிந்தைய தயக்கமும் அந்த வருடம் இருந்தது, அதையும் கணக்கில் வைக்கிறேன். 2025 இல் மறுபடி புது முகங்களோடு வந்தார்களே என்று கேட்பீர்கள். வந்தார்கள், ஆனால் மூன்றே வருடத்தில் வந்தார்கள். ஒரு விஷயத்துக்காக ஏங்குவதற்கு அந்த இடைவெளி போதாது.

இப்போது கவுண்டருக்கு வருகிறேன். எந்தப் பட நிறுவனத்தின் காதிலும் விழுந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு கேள்வி அங்கே என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. ஒருமுறை ஒரு பெரியவர் பேத்தியோடு வந்திருந்தார். பெரிய தொடர் ஒன்றின் மூன்றாம் பாகம் அன்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இதுக்கு முன்னாடி வந்த ரெண்டையும் பார்க்காம உட்கார்ந்தா புரியுமா?"

"கொஞ்சம் கஷ்டம்தான் ஐயா. ஆனா சண்டைக் காட்சியெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

"நான் சொல்றேன் தாத்தா" என்று பேத்தி அவசரமாக ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. முதல் பாகத்தில் இறந்தவர் இரண்டாம் பாகத்தில் எப்படி உயிரோடு வந்தார் என்ற இடத்தில் அவளுக்குச் சிக்கிக்கொண்டது. பெரியவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த ஸ்கிரீனில் இருந்த ஒரு தனிப்படத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். அந்தப் பிள்ளை ஆசைப்பட்டது மூன்றாம் பாகத்துக்கு. புரிந்திருக்கும், விரும்பியிருக்கும், பணமும் கையில் இருந்தது. ஆனாலும் அந்தத் தொடர் அன்று இரண்டு டிக்கெட்டை இழந்தது, ஒன்றையல்ல.

இதுதான் நான் சொல்ல வந்தது. தியேட்டருக்குத் தனியாக வருபவர்கள் குறைவு. குடும்பமாக, நண்பர்களாக, ஜோடியாக வருகிறார்கள். எந்தப் படம் என்று முடிவாவது அந்தக் கூட்டத்தில் அதிக ஆர்வம் உள்ளவரால் இல்லை, எல்லாரையும்விடக் குறைவாக அறிந்தவரால். நான்கு பேரில் ஒருவர் "நான் முந்தையது பார்க்கலை" என்று சொன்னால் போதும், மற்ற மூவரும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். முதல் பாகத்தில் அப்படிச் சொல்ல யாருமே இல்லை. இரண்டாவதில் சிலர். ஐந்தாவதில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். விட்டவர் திரும்பி வருவதும் இல்லை, ஏனென்றால் ஒரு பாகத்தை விட்டவருக்கு அடுத்த பாகத்தில் விட்டது இரண்டாகிவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது உங்களைப் போல எல்லாம் பார்த்தவர்கள் மட்டும். நீங்கள் விசுவாசமாக முதல் நாளே வந்துவிடுவீர்கள். அதனால்தான் ஓப்பனிங் பிரமாதமாக இருந்தும் இரண்டாவது வாரம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. முதல் பாகம் ஓடும்போது, பார்த்தவர் மறுவாரம் அம்மாவை, பக்கத்து வீட்டுக்காரரை, அலுவலக நண்பரைக் கூட்டிக்கொண்டு திரும்ப வருவார். நான்காம் பாகத்துக்கு அவரால் யாரைக் கூட்டி வர முடியும்?

"அப்போ அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் என்னவாம்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மார்வெல் சூப்பர்ஹீரோ வரிசையில் 22 ஆவது படம், 2019 இல் கிட்டத்தட்ட 280 கோடி டாலர், தெரியும். அது ஒரு முடிவு என்று சொல்லி விற்கப்பட்டது. முடிவைப் பார்க்க விட்டவர்களும் ஓடிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். அதே 2019 இல் கேப்டன் மார்வெல் சுமார் 113 கோடி ஈட்டியது. 2023 இல் அதன் தொடர்ச்சியான த மார்வெல்ஸ் சுமார் 21 கோடியோடு நின்றது. மூன்று நாயகிகளில் இருவரை அடையாளம் தெரிய வேண்டுமானால், ஓடிடியில் வந்த இரண்டு தனித்தனித் தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் படம் சரியில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். சரியில்லை என்று தெரிந்துகொள்ளவாவது உள்ளே வர வேண்டுமே, அதற்குக்கூட ஆட்கள் வரவில்லை. எதிர்ப்பக்கம் டாப் கன் மேவரிக், 1986 படத்துக்கு 36 வருடம் கழித்து 2022 இல் வந்து சுமார் 149 கோடி. முதல் படத்தில் யார் இறந்தார், அதனால் நாயகனுக்கு என்ன குற்றவுணர்வு என்பதை அந்தப் படமே தன் போக்கில் சொல்லிவிடுகிறது. பழசைப் பார்க்காதவர்கள் வெளியே வரும்போது முகத்தில் குழப்பமே இல்லை.

இனி நான் சொல்வது உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஒரு பெரிய தொடரின் கடைசிப் பாகம் எங்களிடம் சரியாகப் போகாதபோது, மேலிடத்திலிருந்து வந்தவர்கள் எங்களை வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கவுண்டரில் சிரித்த முகம் போதவில்லையாம், படத்தை எடுத்துச் சொல்லத் தெரியவில்லையாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆனால் அதே நிறுவனம் புரொஜெக்டர் விளக்கை அதற்குரிய மணிக்கணக்கு தாண்டியும் மாற்றாமல் ஓட்டியது. 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவுக்கு வகுத்த அளவு. எங்கள் மூன்றாவது ஸ்கிரீனில் இரவுக் காட்சிகள் நிறைந்த படத்தில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. 3டி காட்சி முடிந்தபின், அதற்காகப் புரொஜெக்டரில் மாட்டிய, வெளிச்சத்தைக் குறைக்கும் வடிகட்டியை எடுக்காமலேயே அடுத்த 2டி காட்சியை ஓட்டியதும் நடந்தது. ஃபிலிம் காலத்தில் கேபினில் ஒரு ஆபரேட்டர் இருப்பார், திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார், மங்கினால் ஓடுவார். டிஜிட்டல் வந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அரைகுறை வெளிச்சத்தில் படத்தைக் காட்டிவிட்டு, ஏன் ஆட்கள் திரும்பி வரவில்லை என்று டிக்கெட் கிழித்துக் கொடுப்பவளைக் கேட்பது என்ன நியாயம்? இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தியேட்டர்களும் இந்தச் சரிவில் மாட்டிக்கொள்கின்றன. பல ஒப்பந்தங்களில் முதல் வாரங்களில் விநியோகஸ்தர் பங்கு அதிகம், நாள் போகப் போகத்தான் தியேட்டர் பங்கு கூடும். மெதுவாக நாலைந்து வாரம் ஓடும் படம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. முதல் மூன்று நாளில் எல்லாரும் பார்த்துத் தீர்த்துவிடும் ஐந்தாம் பாகத்தில், எங்கள் பங்கு கூடும் நேரத்துக்கு உட்கார ஆள் இருக்காது. அதனால் காட்சிகளைக் குறைப்போம், குறைத்ததால் தாமதமாக வர நினைத்தவருக்கும் நேரம் ஒத்துவராது.

தொடர்கதை போடும் பத்திரிகைகள் "முன்கதைச் சுருக்கம்" என்று நான்கு வரி போட்டுவிட்டுத்தான் அந்த வார அத்தியாயத்தைத் தொடங்கும், புதிதாக வாங்குபவரும் அப்படியே சேர்ந்துகொள்ளலாம். அதைப் போல மூன்று நிமிடத்தில் முன்கதையைச் சொல்லும் ஒரு வீடியோவை லாபி டிவியில் ஓட்டலாம் என்று நான் எழுத்தில் கேட்டேன். வந்ததெல்லாம் டிரெய்லர்தான். அதில் முன்கதை எதுவும் இல்லை, வரப்போகும் படத்தின் உச்சக்கட்டம்தான் இருந்தது. ஏற்கெனவே வரப்போகிறவர்களுக்குப் படத்தைக் கெடுத்தது, வரத் தயங்கியவர்களுக்கு ஒன்றையும் விளக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது விளம்பரப் பிரிவில் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். மூன்று நிமிடம்தான் கேட்கிறேன், கவுண்டர் வரிசையில் நிற்பவர் காதில் விழும் சத்தத்தோடு.