ஒரு கருவி, இரண்டு வேலை

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு ஜிசி-எம்எஸ் (கலவையை ஆவியாக்கிப் பிரித்து, நிறையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் கருவி)தான். காய்கறியில் பூச்சிமருந்து எச்சம், மாத்திரையில் கரைப்பான் எச்சம், இரண்டையும் அதிலேயே பார்க்கலாமா?
– வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: தாராளமாக. ஆனால் தினமும் காலத்தை (column; நேரத்தை அல்ல, கலவையைப் பிரிக்கும் குழாயைச் சொல்கிறேன்) மாற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கருவிக்குள் இருக்கும் வெற்றிடம் போய்விடும்; பம்ப் ஓடி அது திரும்ப ஒரு ராத்திரி வேண்டும். பூச்சிமருந்துக்கு உட்பூச்சில் 5 சதவீத ஃபீனைல் உள்ள குழாய், 300 டிகிரியும் தாங்கும். கரைப்பானுக்கு ஹெட்ஸ்பேஸும் (மாதிரிக்கு மேலே சேரும் ஆவியை மட்டும் எடுத்துச் செலுத்தும் முறை) 624 வகைக் குழாயும். அந்த வகையில் பலவற்றை அவ்வளவு சூடாக்கினால் போச்சு. அதனால் வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் 18 (நீர்), 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) நிறைகளைப் பாருங்கள். 28 உயரமாக நின்று, அதில் கால்வாசிக்கு 32-உம் இருந்தால் காற்று கசிகிறது. அப்புறம், முதல் சூட்டில் ஃபெரூல் (குழாய் இணைப்பில் கசியாமல் அடைக்கும் சின்ன வளையம்) சுருங்கலாம். ஆறியதும் நட்டை லேசாக மறுபடி இறுக்குங்கள். இதை மறந்து நான் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.