டெக்சாஸ் கிராமத்துக் கவுண்டியில் வாரண்ட் இருக்குமோ என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். மேற்கு டெக்சாஸ் லபக்கில் படிக்க வந்து முதல் வருடம். லீவில் நண்பர்களோடு டல்லாஸ் போகிற வழியில் ஏதோ ஒரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஸ்பீடிங் டிக்கெட். செமஸ்டர் தொடங்கிய அமளியில் கோர்ட் தேதி தவறிவிட்டது. ரூம்மேட் ஒருவர் வாரண்ட் போட்டிருப்பார்கள் என்கிறார், இன்னொருவர் "பெயரே தெரியாத ஊர், விட்டுத் தள்ளு" என்கிறார். கவுண்டி இணையதளத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. கூடவே பழைய கார் வாங்கலாமா, எந்த இன்சூரன்ஸ் மலிவு, கோடையில் ஊருக்குப் போய் வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரையும் இன்சூரன்ஸையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் வாரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊர்ப் பயணம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

விட்டுத் தள்ளச் சொன்ன நண்பரை முதலில் விட்டுத் தள்ளுங்கள். நம் ஆட்களில் இப்படி ஒரு ரகம் எல்லா ஊரிலும் உண்டு. இருபது வருடமாக டல்லாஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் வீடு வைத்திருப்பார், தன் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃப் யார் என்று தெரியாது, ஆனால் சட்டம் சொல்வார்.

ரோட்டோரத்தில் டிக்கெட்டில் போட்ட கையெழுத்து, கோர்ட்டுக்கு வருவேன் என்று நீங்கள் கொடுத்த வாக்கு. டெக்சாஸில் சாதாரண ஸ்பீடிங் அபராதத்தோடு போகிற குற்றம்தான். பொதுவாக அதிகபட்சம் 200 டாலர், அதற்கு மேல் கோர்ட் செலவு, ஜெயில் கிடையாது. வராமல் போனதுதான் தனிக் குற்றமாகச் சேர்கிறது. அதற்குத்தான் ஜட்ஜ் வாரண்ட் போடுவார். அந்த வாரண்டுக்குக் காலாவதி தேதி கிடையாது. ஐந்து வருடம் கழித்து வேறொரு ஊரில் பின் விளக்கு எரியவில்லை என்று நிறுத்துகிற போலீஸ்காரர் உங்கள் பெயரைத் தட்டும்போது அது வந்து நிற்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பல கோர்ட்டுகள் சேர்ந்து 'வாரண்ட் ரவுண்டப்' என்று வேறு நடத்துகின்றன, 2007 முதல். பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இருக்கிற ஆபத்து பணம் இல்லை. டிக்கெட் வாங்கினால் நீங்கள் கைதானவர் இல்லை. வாரண்டில் பிடித்தால் கைதானவர். கைரேகை, போட்டோ எல்லாம் உண்டு. விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் 'எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா' என்று கேட்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் 'ஆம்' போட்டு விளக்கம் எழுத வேண்டும். பிற்காலத்தில் குடியுரிமைக்கு என்-400 எழுதும்போது, கைது இல்லாத 500 டாலருக்குக் குறைந்த அபராதம் என்றால் காகிதம்கூடக் கேட்க மாட்டார்கள். கைது என்று இருந்தால் கோர்ட் முத்திரையோடு காகிதம் வேண்டும். 2025 ஏப்ரலில் சின்னச் சின்ன போலீஸ் பதிவுகளைக் காரணம் காட்டி மாணவர்களின் செவிஸ் பதிவுகளை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) கொத்தாக ரத்து செய்தார்கள். நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு அந்த மாதக் கடைசியிலேயே திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த வாரங்களில் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். எனவே வாரண்ட் உங்களைத் தேடி வருவதற்குள் நீங்கள் அதைத் தேடிப் போய்விட வேண்டும். ஊருக்கு டிக்கெட் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். திரும்பி வரும்போது குடிநுழைவு அதிகாரியின் திரையில் அது தெரிந்தால் பேச்சே வேறு.

சரி, எப்படித் தேடுவது? முதலில் எந்தக் கோர்ட் என்று பிடியுங்கள். ஊர் எல்லைக்குள் சிட்டி போலீஸ் நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் முனிசிபல் கோர்ட். கறுப்பு வெள்ளைக் காரில் வந்த ஸ்டேட் ட்ரூப்பரோ (மாநில போலீஸ்) ஷெரீஃபின் டெபுட்டியோ என்றால் சின்ன வழக்குகளைப் பார்க்கிற ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், சுருக்கமாக ஜேபி கோர்ட். ஒரே கவுண்டியில் இரண்டு மூன்று ஜேபி இருக்கலாம். எந்த ப்ரீசிங்க்ட் (கவுண்டிக்குள் ஒரு பிரிவு) என்று டிக்கெட்டின் கீழே இருக்கும். டிக்கெட் தொலைந்துவிட்டால் ஒவ்வொரு ஜேபி ஆபீசையும் போனில் கேளுங்கள், கிராமத்துக் கவுண்டியில் அது ஒரு காலை வேலைதான். ஷெரீஃப் ஆபீஸ் கவுண்டரில் போய் நின்று "என் பேரில் வாரண்ட் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். இருந்தால் அங்கேயே பிடித்து வைக்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

இணையத்தில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சின்னக் கவுண்டிகள் பல எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு 'வாரண்ட் தேடல்' செய்யும் தளங்களுக்கு ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம். ஓம்னிபேஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. கோர்ட்டுக்கு வராதவர்களின் லைசென்ஸ் புதுப்பிப்பை அது வழியாக நிறுத்துவார்கள். அதில் பெயர் இல்லை என்றாலும் வாரண்ட் இல்லை என்று ஆகிவிடாது. எல்லாக் கோர்ட்டும் அதில் சேரவில்லை.

அப்புறம் நம் பெயர். இதைத் தமிழர் அல்லாதவர் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகி முன்னால் எஃப்.என்.யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று உட்கார்ந்திருக்கும். ட்ரூப்பர் எந்த அட்டையைப் பார்த்து எழுதினார் என்பதைப் பொறுத்து நீங்கள் உங்கள் பெயரில் இருக்கலாம், அப்பா பெயரில் இருக்கலாம், எஃப்.என்.யு என்கிற ஆளாகவே இருக்கலாம். நம் ஊர் லைசென்ஸைக் காட்டியிருந்தால் பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும். கிளார்க்கிடம் எல்லா விதமாகவும் தேடச் சொல்லுங்கள். டிக்கெட் எண் இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம்.

என் டிக்கெட் விஷயத்தில் அந்தப் பெயர்க் குழப்பம்தான் நடந்தது. நானும் லபக்கில்தான் படித்தேன். அபார்ட்மெண்ட் மாறியபோது புது விலாசத்தை அந்தக் கோர்ட்டுக்கு எழுதித்தான் அனுப்பினேன். அது என் அப்பா பெயரில் இருந்த ஃபைலில் ஏறவே இல்லை. பழைய வீட்டுக்கே கடிதம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் வசூல் கம்பெனி ஒன்று 30 சதவீதம் கூட்டி நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் வாரண்ட் இருப்பதே தெரிந்தது. அவர்கள் மட்டும் என் புது விலாசத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம்தான்.

போன் செய்து, சீனியர் அக்கா ஒருவரின் காரில் போனேன். ஜேபி ஆபீஸ் என்றால் கோர்ட் மாதிரி தூணும் படியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கால்நடைத் தீவனக் கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரைக் கட்டடம். சுவரில் மான் தலை. அந்த ஊர்களில் ஜேபிதான் கல்யாணமும் செய்து வைப்பார், யாராவது செத்தால் மரண விசாரணைக்கும் போவார். வக்கீலாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். அன்று எனக்கு முன்னால் ஒரு கல்யாண ஜோடி. பெண் கையில் மளிகைக் கடைப் பூங்கொத்து, விலைச் சீட்டோடு. கிளார்க் அம்மா என்னைப் பார்த்து, "நீ சும்மாதானே இருக்கிறாய், இவர்களைப் படம் எடு" என்று கேமராவை நீட்டினார். பிடி வாரண்டோடு வந்தவள் கல்யாணப் படம் எடுத்தேன். அப்புறம் ஜட்ஜ் கூப்பிட்டார். "எஸ் சார்" என்று ஆரம்பித்தேன். பழைய விலாசத்துக்குப் போன கடித உறைகளைக் காட்டினேன். தன் பல் டாக்டரும் இந்தியாதான் என்றார், வாரண்டை ரத்து செய்தார், அபராதத்தைத் தவணையில் கட்டச் சொன்னார். இன்றைக்கும் "எஸ் மேம், எஸ் சார்" இல்லாமல் மேற்கு டெக்சாஸில் நான் வாய் திறப்பதில்லை. நகரத்திலிருந்து வருகிற நம் ஆட்கள் மேனேஜரைக் கூப்பிடு என்கிற குரலில் பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்குக் கிடைத்தது அந்த ஜட்ஜின் நல்ல மனசு. உங்களுக்குச் சட்டமே இருக்கிறது. பிடிபடுவதற்கு முன் நீங்களாக வந்து, தீர்த்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு முயன்றால், வராததற்காகப் போட்ட வாரண்டை ஜட்ஜ் திரும்பப் பெற வேண்டும் என்று 2017ல் கொண்டுவந்தார்கள். போனில் கிளார்க்கிடம் இதைக் கேளுங்கள்: வாரண்ட் நடப்பில் இருக்கிறதா, நேரில் வந்தால் ஜட்ஜ் பார்ப்பாரா, பணம் எப்படி வாங்குவீர்கள். சில ஆபீசில் மணி ஆர்டர் மட்டும்தான். யாரிடம் பேசினீர்கள் என்று பெயர் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஏதாவது சிக்கினால் திங்கள் வரை ஜட்ஜைப் பார்க்க முடியாமல் போகலாம்.

பயத்தில் உடனே முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். கட்டினால் அது தண்டனையாகவே பதிவாகும். 'டிஃபர்டு' கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். 180 நாள் வரை இன்னொரு தப்பு இல்லாமல் ஓட்டினால் தள்ளுபடி செய்வார்கள். டிரைவிங் வகுப்பு முடித்துத் தள்ளுபடி வாங்குகிற வழிக்கு டெக்சாஸ் லைசென்ஸ் வேண்டும், அதைக் கேட்கிற நாளும் உங்களுக்குப் போய்விட்டது. கேட்டுப் பாருங்கள், இப்போது கொடுப்பது ஜட்ஜ் இஷ்டம். முடிந்த பிறகு வழக்கு எப்படி முடிந்தது என்று சொல்கிற, முத்திரை போட்ட டிஸ்போசிஷன் காகிதம் இரண்டு பிரதி வாங்காமல் வெளியே வராதீர்கள். சின்னக் கோர்ட்டுகள் பழைய ஃபைலைக் கழித்துவிடும்.

இது ஸ்பீடிங் என்பதால்தான் நீங்களே போகலாம் என்கிறேன். குடித்துவிட்டு ஓட்டியது, சண்டை, திருட்டு என்று ஜெயில் வாடை உள்ள எதுவாக இருந்தாலும் வக்கீல் இல்லாமல் வாசலை மிதிக்கக் கூடாது. அதற்கும் டல்லாஸ் வக்கீலைவிட அந்த கவுண்டி ஊரிலேயே இருக்கிறவர் மேல், ஜட்ஜோடு தினமும் காபி குடிக்கிறவர். குடிநுழைவு வக்கீல் ஒருவரிடமும் காட்டிவிட வேண்டும்.

இன்னொன்று. "ஷெரீஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உன் பேரில் வாரண்ட், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்" என்று போன் வந்தால் அது மோசடி. எந்த ஷெரீஃபும் கிஃப்ட் கார்டில் வசூலிப்பதில்லை. வைத்துவிட்டு கோர்ட்டின் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

காலை எட்டரைக்குப் போன் செய்தால் கிளார்க் கிடைப்பார். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார்கள். விட்டுத் தள்ளு என்ற அந்த ரூம்மேட்டுக்கும் அதே பயணத்தில் டிக்கெட் ஏதாவது உண்டா என்று கேளுங்கள், இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.