வகுப்பில் பேசும்போது பாதியில் மறக்காமலிருக்க என்ன செய்யலாம்?

மழைநீர் சேகரிப்பு பற்றி வகுப்பில் பேச வேண்டிய மகள், வரிக்கு வரி மனப்பாடம் செய்தும் பாதியில் திணறுகிறாள் என்கிறீர்கள். அப்படி உருப்போட்டால் ஒரு சொல் நழுவினாலும் அடுத்த வரி வராது. கட்டுரையை எடுத்து வைத்துவிடுங்கள். சிறு அட்டையில் மொட்டைமாடி, குழாய், வடிகட்டும் தொட்டி, கிணறு என நான்கே சொற்கள் போதும். தண்ணீர் போகும் வழியே பேச்சின் வரிசை. அட்டையைக் கவிழ்த்துவிட்டு உங்களிடம் சொல்லிக்காட்டட்டும். தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள், தானாக யோசித்து மீட்பதுதான் பதியும். 2006இல் வெளியான, ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்களின் ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. முதல் வாக்கியத்தை மட்டும் அப்படியே மனப்பாடம் செய்யட்டும். நடுக்கம் அங்கேதான் அதிகம்.