மாத்திரை போட்டும் நாள் தள்ளுகிறதே, டாக்டர்?

கேள்வி: வயது 28. ஓசூரில் இருக்கிறோம். பையனுக்கு 9 மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். இரண்டு மாதமாகத்தான் மாதவிலக்கு வருகிறது. ஒரு சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. மூன்று மெடிக்கலில் கேட்டும் அவசரக் கருத்தடை மாத்திரை இல்லை என்றார்கள். திங்கள் காலை கணவர் கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளி போய் வாங்கி வந்தார், உடனே போட்டுக்கொண்டேன். இப்போது ஐந்து நாள் தள்ளிவிட்டது. "கருவைக் கலைக்கிற மாத்திரையைப் போட்டுட்டியே, இனி பால் கொடுக்காதே" என்கிறார் நாத்தனார். அவசரத்துக்கு இதையே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பாலை நிறுத்த வேண்டாம். இந்த மாத்திரை போட்டவர்கள் தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

நாத்தனார் இரண்டு மாத்திரைகளைக் குழப்பிக்கொள்கிறார். கலைப்பதற்குத் தருவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால். அவை டாக்டர் மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டியவை. நீங்கள் போட்டது லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம். ஏற்கெனவே தங்கிய கருவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கலைக்கவும் கலைக்காது, அதற்குக் கெடுதலும் செய்யாது.

அப்படியானால் என்னதான் செய்கிறது? விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். சினைமுட்டைக்கோ வெளியே வந்தபின் ஒரு நாள்தான் ஆயுள். வாசலில் ஆள் காத்திருக்கும்போது கதவைச் சில நாள் திறக்காமல் வைப்பதுதான் இந்த மாத்திரையின் வேலை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. அதற்குள் விந்தணுக்கள் செத்துவிடும். முட்டை முன்பே வந்துவிட்டிருந்தால் பலன் இல்லை. 72 மணி நேரத்துக்குள் என்று அட்டையில் போட்டிருந்தாலும், மூன்றாம் நாள் வரை பொறுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நீங்கள் ஏறத்தாழ ஒன்றரை நாளில் போட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்திருந்தால் மட்டும் இன்னொன்று போட்டிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. முட்டை தள்ளித்தானே போயிருக்கிறது? அது பிறகு வரும். "மாத்திரைதான் போட்டாச்சே" என்று அதே மாதத்தில் பாதுகாப்பில்லாமல் சேர்ந்தவர்கள், மாத்திரை வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்து நிற்பார்கள். அது வேலை செய்தது, அந்த ஒரு இரவுக்கு.

மாதவிலக்கு சில நாள் முந்துவதும் பிந்துவதும் இந்த மாத்திரைக்குச் சகஜம். பால் கொடுப்பவர்களுக்கு எப்படியும் தேதி ஒழுங்காக வராது. ஆகவே ஐந்து நாளைக்குப் பதற வேண்டாம். ஆனால் ஏழு நாள் தாண்டினால் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வைத்துப் பாருங்கள். அந்தச் சனிக்கிழமையிலிருந்து மூன்று வாரம் ஆகியிருந்தால் அந்த முடிவை நம்பலாம். இரண்டு கோடு விழுந்தால் கடையில் எதையும் வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலியோ மயக்கமோ வந்தால் அட்டைக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைக்காரர் இல்லை என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 2005 முதல் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க மத்திய அரசு அனுமதித்த மாத்திரை இது. இருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகள் வைப்பதே இல்லை. கல்யாணமான பெண் கேட்டாலே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதற்காக மாநில எல்லை தாண்ட வேண்டியதில்லை. அடுத்த முறை நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் கேளுங்கள். வலிப்பு மாத்திரையோ (கார்பமஸெபைன், ஃபெனிட்டாயின்) காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை இந்த மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

வாங்கி வைப்பது தப்பில்லை. ஒன்று வீட்டில் இருந்தால் அந்த ஒன்றரை நாள் மிச்சமாகியிருக்கும். இதையே வழக்கமாக்கினால்தான் சிக்கல். உடம்பு கெட்டுப்போகும், மலடாகிவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் மாதவிலக்குக் கணக்கு குழம்பும், தினசரி மாத்திரை அளவுக்குப் பாதுகாப்பும் இருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. ஐந்து நாளுக்குள் போட்டால் அவசரக் கருத்தடையாகவும் அதுதான் முதலிடம். நூறில் ஒருவருக்குக்கூடத் தவறுவதில்லை. அப்படியே உள்ளே விட்டால் 380ஏ வகை 10 ஆண்டு காக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம், பாலுக்கும் பாதிப்பில்லை. முதல் சில மாதம் மாதவிலக்கில் போக்கும் வலியும் கொஞ்சம் கூடலாம். அது வேண்டாமென்றால் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற 'அந்தரா' ஊசியும் 'சாயா' மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். இரண்டாவது குழந்தை எப்போது என்று கணவரோடு பேசிவிட்டுப் போனால் எது சரி என்பதை டாக்டர் அங்கேயே சொல்லிவிடுவார்.