கண்புரை ஆபரேஷன் செய்த பெரியவரின் கண்களைத் தானம் கொடுக்கலாமா?

கேள்வி: 80 வயதைத் தாண்டியவர், கண்ணில் லென்ஸ் வைத்தவர். இறந்தபின் கண் தானம் செய்ய முடியுமா? சொந்தக்காரர்கள் தடுத்தால் என்ன செய்வது?

தாராளமாகக் கொடுக்கலாம். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் வீட்டில் ஒரு பெரியவர் படுக்கையில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருத்துவதற்குத் தேவைப்படுவது முன்னால் இருக்கும் கருவிழி. கண்புரைக்கு மாற்றுவது அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸ். சர்க்கரை, பிரஷர், கண்ணாடி எதுவும் தடையில்லை. எய்ட்ஸ், வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் மாதிரி சிலவற்றில்தான் எடுக்க மாட்டார்கள். 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. என் பெரியப்பாவும் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் உடனே திருத்துவார்: "நான் கண்ணாடிக்கு அளவு பாக்கிறவன்மா." பாளையங்கோட்டையில் பத்தடி நீள அறை. எழுத்து அட்டையை இருபதடி தள்ளி வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், அதற்கு இடம் ஏது? எதிர்ச் சுவரில் கண்ணாடியை மாட்டி, இடவலம் மாறி அச்சடித்த அட்டையை நம் தலைக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார். போக பத்தடி, வர பத்தடி.

மேலப்பாளையத்திலிருந்து பீடி சுற்றும் பெண்கள் வருவார்கள். நாற்பது வயதானால் வெள்ளெழுத்து வந்துவிடும், இலையில் நூல் கட்டுவது தெரியாது. மடியில் சுளகு இருப்பதுபோல் உட்காரச் சொல்லி, கண்ணிலிருந்து கை வரைக்கும் டேப் பிடித்து அளப்பார். அந்தத் தூரத்துக்குத்தான் பவர். பேப்பர் படிக்கும் தூரம் வேறு, பீடி சுற்றும் தூரம் வேறு என்பார்.

இப்போது நடப்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருஷம் ஒரு பெரிய கடையில் கம்ப்யூட்டரில் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு நிமிடத்தில் சீட்டு, அதை அப்படியே கண்ணாடியாக்கிக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாள் தலைவலி. மெஷின் காட்டுவது ஆரம்பக் கணக்குதான், அதற்குப் பிறகு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் எதற்கு இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள்?

சரி, கேள்விக்கு வருகிறேன். பெரியப்பா 84 வயதில், ஒரு வைகாசி விடியற்காலையில் இறந்தார். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்தவர். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு உயரமாகத் தலையணை கொடுத்தோம். கருவிழி காயக் கூடாது என்று ஃபேனையும் அணைத்துவிட்டோம். கேதத்துக்கு வந்தவர்கள் புழுக்கம் தாங்காமல் மறுபடி போட, நான் அணைக்க, இப்படியே ஒரு மணி நேரம். அவர் தங்கச்சி, என் அத்தை, "கண்ணில்லாம அண்ணன் எப்பிடி வழி கண்டு போவாக?" என்று அழுதாள். பெரியம்மா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பெரியப்பா அளவு பார்த்துக் கொடுத்த கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

யாரையும் கட்டாயப்படுத்த இதை எழுதவில்லை. அத்தையின் பயமும் நிஜம்தான். ஆனால் நெருங்கிய உறவு சம்மதித்தால் போதும். அது யார் என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.

கண்களை எடுப்பது இருபது நிமிடத்தில் முடிந்தது. அத்தைதான் முதலில் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாள். "தூங்குத மாதிரியே இருக்காக" என்றாள். அப்புறம் அவளே போய் ஃபேனைப் போட்டாள்.