பழைய அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக்: எதையெல்லாம் சேர்த்து வாங்க வேண்டும்?

கேள்வி: என்னுடையது 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். போன மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, பெடல் கல் மாதிரி இருந்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் குறையவில்லை. பிற்கால அம்பாசிடரின் டிஸ்க்கையும், சக்கரம் மாட்டும் ஹப்பையும் மட்டும் வாங்கினால் மாட்டித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். வேறு கம்பெனி காரின் டிஸ்க்கை லேத்தில் கடைந்து போட்டால் இன்னும் மலிவு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: பிரேக் ஆயில் கொதித்திருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கியிருக்கும். கல் மாதிரி இருந்ததென்றால், பெரும்பாலும் டிரம் சூடேறி, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் உராய்வுப் பட்டை (லைனிங்) பிடிமானத்தை இழந்திருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அப்படித்தான் ஆகும். டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவதால் சூடு சீக்கிரம் தணியும். அதனால் முன்சக்கரங்களை டிஸ்க்குக்கு மாற்றுவது நல்ல யோசனைதான்.

ஆனால் டிஸ்க்கையும் ஹப்பையும் மட்டும் வாங்காதீர்கள். டிரம் சுற்றும்போது ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும், காலுக்கு வேலை குறையும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை. மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் இல்லாவிட்டால் இப்போது மிதிப்பதைவிட அழுத்தி மிதிக்க வேண்டிவரும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும். டிரம்முக்கான பழைய சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் வால்வு ஒன்று உண்டு. அதோடு டிஸ்க்கைப் போட்டால் காலை எடுத்த பிறகும், டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். எந்தச் சூட்டுக்குப் பயந்து மாற்றுகிறீர்களோ அதே சூடு திரும்ப வந்துவிடும். இரட்டை அறை கொண்ட சிலிண்டராக வாங்குங்கள். ஒரு குழாய் கசிந்தாலும் இரண்டு சக்கரங்களிலாவது பிரேக் பிடிக்கும்.

ஆகவே ஒரே காரிலிருந்து கழற்றிய முழு செட்டாகக் கேளுங்கள்: இரண்டு பக்க ஸ்டப் ஆக்சில் (ஹப் சுற்றும் குட்டை அச்சு), ஹப், டிஸ்க், காலிபர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), அதைத் தாங்கும் பிராக்கெட், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர். டீசல் எஞ்சின் என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் பம்ப்பும் வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் தேடுவதானால் ஸ்டப் ஆக்சிலை மண்ணெண்ணெயில் துடைத்து, அடிப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் பொறித்திருந்தால் அளந்து பாருங்கள். காலிபர் பிஸ்டனில் துரு அரித்த குழி இருக்கக் கூடாது. ஹோஸ், சீல், பேட், பேரிங் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள். இவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

லேத் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போனாலும், காலிபர் டிஸ்க்கின் நடுவே சரியாக உட்காராவிட்டால் பேட் ஒருபக்கமாகத் தேயும். அதைவிட மோசம், ஹப்பைக் கடைந்து மெலிதாக்குவது. சக்கரமே அதில்தான் நிற்கிறது.

முழு செட் கிடைக்கும்வரை காத்திருங்கள். அதுவரை டிரம்மைச் சீராக்கி, நல்ல லைனிங் ஒட்டி, மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள்.

அப்புறம், பில். எந்த மாடல் காரின் பாகம், பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று இரண்டையும் அதில் எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அது கைகொடுக்கும்.